அசோக்குமார் தொட்ட இடங்கள்

அசோக்குமாருக்கு யாரையும் மதிக்கத் தெரியாது என்று திருத்தணியில் ஒரு பேச்சு உண்டு. பேச்சு உண்மைதான். அவனிடம் பாட்டுப் பதிய வந்தவர்களில் பாதிப் பேரை அவன் மனசுக்குள் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறான். அவன் வீட்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவன் நான். அந்தப் பாதிப் பேரையும் பார்த்திருக்கிறேன். மதிப்பதற்கு அவர்களிடம் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

அவன் அப்பா திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போனவர். அசோக்குமார் ஐடிஐயில் ரேடியோ, டிவி ரிப்பேர் படித்தான். படிக்கும்போதே யாரோ தூக்கிப் போட்ட ஒரு கேசியோ கீபோர்டைப் பழுது பார்த்து, அதிலேயே வாசிக்கவும் பழகிக்கொண்டான். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. காது நன்றாக இருந்தது, அவ்வளவுதான். தொண்ணூற்று நான்கில் சிவப்பிரகாசத்தின் இன்னிசைக் குழுவில் சேர்ந்தான்.

சிவப்பிரகாசத்துக்கு அரக்கோணம் சாலையில் உரக்கடை. குழுவை நடத்தியவர் அவர் என்பதால் குழுவின் முதன்மைப் பாடகரும் அவரே. சித்திரை வெயிலிலும் கழுத்தில் மப்ளர். ஒரு பிளாஸ்கில் வெந்நீர், சட்டைப்பையில் பனங்கற்கண்டும் மிளகும். குரலை இப்படிப் பொத்திப் பொத்திப் பாதுகாத்த மனிதர் அதை ஒரு நாளாவது சாதகம் செய்து பார்த்தார் என்று யாரும் சொல்ல முடியாது. பல்லவி ஒரு மாதிரி போய்விடும். சரணத்துக்குப் போகும்போது, பஞ்சரான சைக்கிள் டியூப் மாதிரி சுருதி மெல்ல மெல்ல இறங்கும்.

தொண்ணூற்று ஆறில் பள்ளிப்பட்டில் ஒரு கல்யாண வரவேற்பு. அன்றைக்கு இறங்கியது கொஞ்சம் அதிகம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்ததை சிவப்பிரகாசம் கவனித்துவிட்டார். பாட்டு முடிந்ததும் மைக்கிலேயே சொன்னார்: "மன்னிச்சிக்கணும். நம்ம கீபோர்டு தம்பிக்கு இன்னிக்கி சுருதி கொஞ்சம் ஏறிடுச்சு."

குடித்திருக்கிறான் என்பதை அப்படிச் சொல்வது எல்லோருக்கும் தெரியும். பந்தல் முழுக்கச் சிரித்தது. அசோக்குமார் டீக்கு மேல் எதையும் குடித்தவன் இல்லை. மீதிப் பாட்டுகளுக்கும் தலை நிமிராமல் வாசித்துவிட்டு, அடுத்த நாளிலிருந்து குழுவுக்குப் போவதை நிறுத்தினான். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்டு அனுப்பவில்லை.

கதை அதோடு முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பெண் பார்க்கப் போன இடம் அதே பள்ளிப்பட்டு. பெண் தேவகி. அவள் அப்பா தறி வைத்திருந்தார். மாப்பிள்ளையைப் பார்த்ததுமே அவருக்கு முகம் நினைவுக்கு வந்துவிட்டது. "அன்னிக்கி மேடையில குடிச்சிட்டு வாசிச்ச பையன் தான இது?" என்று மூன்று மாதம் ஊர் ஊராக விசாரித்தார். தேவகிதான் முடித்துவைத்தாள். "நைனா, குடிச்சவன் விரலு அவ்ளோ நேரா போவாது. நானும் அங்க தான் உக்காந்துகினு இருந்தேன்" என்றாளாம்.

கல்யாணத்துக்குப் பிறகு டிவி ரிப்பேர், அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் ரிப்பேர். இரண்டாயிரத்து மூன்றில் அவனே ஒரு கம்ப்யூட்டரைக் கோத்து, நல்ல சவுண்டு கார்டு ஒன்று போட்டு, வீட்டின் பின்னறையைப் பாட்டுப் பதியும் அறையாக மாற்றினான். சுவர் முழுக்க முட்டை அட்டை, அதன் மேல் பழைய ரஜாய். ஜன்னலை அடைத்தாகிவிட்டது. என்ன அடைத்தும் சென்னை லோக்கல் ரயில் போகும்போது தரை அதிரும்; மலைக்கோயில் ஒலிபெருக்கி வேறு. இரண்டும் ஓய்ந்த இடைவெளியில்தான் பாட்டு. பாட வந்தவரை மைக் முன்னால் நிறுத்தி, "இருங்க, அரக்கோணம் வண்டி போவட்டும்" என்பான்.

அவனிடம் வந்தவர்கள் காவடிக் குழுக்காரர்கள், பஜனைத் தலைவர்கள், தேர்தலுக்குப் பாட்டுப் போடுகிறவர்கள். தன் பெயரில் ஒரு முருகன் பாட்டு சிடி வர வேண்டும் என்பது அந்தக் காலத்தில் இங்கே ஒரு நோய். வீடு கட்டி முடித்தவன், மகளைக் கட்டிக்கொடுத்தவன், வேறு எதுவும் செய்யத் தோன்றாதவன், எல்லோரும் மலையடிவாரக் கடைகளில் தன் படம் போட்ட சிடி தொங்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். பாடத் தெரிய வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. "கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடலாமாமே" என்று கேள்விப்பட்டிருந்தார்கள்.

சரி பண்ணலாம்தான். அதற்கு ஒரு மென்பொருள் வந்திருந்தது. பாடிய குரல் திரையில் ஒரு கோடாக ஓடும். சுரங்கள் அதன் பின்னால் படிக்கட்டு மாதிரி அடுக்கியிருக்கும். கோடு எந்தப் படியை விட்டுத் தவறி நிற்கிறதோ அந்தப் படிக்கு அதை ஏற்றி இறக்கி நிறுத்தலாம். ஒரு பொத்தானை முழுக்கத் திருகிவிட்டால் அதுவே எல்லாவற்றையும் பிடித்து இழுத்துப் படியில் நிறுத்திவிடும். அப்படி நிறுத்தினால் குரல் மனிதக் குரலாக இருக்காது. டப்பாவுக்குள் அடைபட்ட வண்டு மாதிரி இருக்கும். அரக்கோணத்திலும் சென்னையிலும் பல பையன்கள் அப்படித்தான் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அசோக்குமாருக்கு அவர்களைக் கண்டால் ஆகாது.

அவன் எட்டு மாதம் உட்கார்ந்து வேறு விதமாகப் பழகினான். மனிதன் ஒரு சுரத்தை நேராகப் போய்த் தொடுவதில்லை, கொஞ்சம் கீழேயிருந்து ஏறி வருகிறான். அந்த ஏற்றத்தைத் தொடக் கூடாது. நின்ற இடம் மட்டும் தவறியிருந்தால், அதை மட்டும் துண்டாக்கி மெல்ல நகர்த்த வேண்டும். அசைவு கொடுத்துப் பாடிய இடத்தைத் தட்டையாக்கக் கூடாது. மூச்சை அழிக்கக் கூடாது. முக்கியமாக, எல்லாத் தப்பையும் திருத்தக் கூடாது. "பத்து தப்புன்னா ஆறு திருத்தணும். நூத்துக்கு நூறு வாங்கினா காப்பி அடிச்சான்னு தெரிஞ்சிடும்" என்று என்னிடம் ஒரு முறை சொன்னான். ஒரு பாட்டுக்கு நான்கைந்து நாள் ஆகும். முடித்துக் கேட்டால் பாடியவருக்கு நல்ல நாளாக அமைந்துவிட்டது போல இருக்கும், அவ்வளவுதான். ஆள் கை வைத்த அடையாளமே தெரியாது. தெரியாததால் பாடியவர்களும் அதைத் தங்கள் குரல் என்றே நம்பினார்கள். மாலையைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள்.

இரண்டாயிரத்து ஐந்தில் சிவப்பிரகாசம் வந்தார்.

அதற்கு முன்பே அவர் சென்னையில் ஒரு சிடி போட்டிருந்தார். பொத்தானை முழுக்கத் திருகிய வேலை. மலையடிவாரத்தில் சிடி கடை வைத்திருந்த பச்சையப்பன் அதைக் கடை வாசலில் ஒரு வாரம் போட்டுப் பார்த்தான். வந்தவர்கள் எல்லாம், "இன்னாப்பா, பிளேயர் ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பச்சையப்பன் மொத்தத்தையும் கட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

சிவப்பிரகாசம் பிளாஸ்க்கும் மப்ளருமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அசோகு, நீ நம்ம குழுவுல வாசிச்சவன் தான? ஏன்டா நின்னுட்ட அப்போ?"

அவருக்கு நினைவே இல்லை. ஒருத்தனைப் பந்தல் நடுவில் குடிகாரனாக்கிவிட்டு, ஏப்பம் விட்ட மாதிரி மறந்தும் போயிருந்தார். நினைவு வைத்துக்கொண்டு வந்திருந்தால்கூட அசோக்குமாருக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

"வேற வேல வந்துச்சுங்க" என்றான்.

"பச்சையப்பன் சொன்னான், நீ பண்ணா பண்ணதே தெரியாதாமே. எட்டுப் பாட்டு. இயல்பா இருக்கணும், அது தான் எனுக்கு வேணும்."

அசோக்குமார் ஒத்துக்கொண்டான். பழைய பகையை வைத்துக்கொண்டு ஏன் ஒத்துக்கொண்டாய் என்று நான் கேட்டேன். "இந்தக் குரல மனுசன் குரலா ஆக்கிட்டா, அப்பறம் எனுக்குத் தெரியாத வேலைன்னு ஒண்ணு இல்ல" என்றான். அவ்வளவு இளக்காரம்.

பதினோரு நாள் பதிவு நடந்தது. சுருதியை இரண்டரைக் கட்டைக்குக் குறைத்துப் பாட மாட்டேன் என்று சிவப்பிரகாசம் அடம் பிடித்தார். அசோக்குமார் தலையாட்டிவிட்டு, அவருக்குச் சொல்லாமல் பாட்டை ஒன்றரைக் கட்டைக்கு இறக்கி வைத்தான். முதல் பாட்டை முடித்ததும் அவர் மப்ளரைத் தளர்த்திக்கொண்டு, "பாத்தியா, மேல எவ்ளோ சுளுவா போவுது. அம்பத்தேழு வயசுல" என்றார். அசோக்குமார் திரையைப் பார்த்துக்கொண்டான்.

காதில் ஹெட்போனை மாட்டியதும் அவர் கேட்பது ஒன்றுதான். "சத்தம் வையி. இன்னும் வையி." அவன் வைத்தான். வைக்க வைக்க அவர் சுருதி கீழே போனது. ஒவ்வொரு வரியையும் ஐந்தாறு முறை பாட வைத்து, தேறுகிற சொற்களைப் பொறுக்கி ஒட்டினான். பதிவு முடிந்து நாற்பது நாள் உட்கார்ந்து திருத்தினான். எட்டுப் பாட்டில் நானூறுக்கு மேல் இடங்கள். ஒவ்வொன்றும் கையால் நகர்த்தியது. ஒவ்வொரு இடத்தையும் நகர்த்தும்போது அவனுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. பின்னால் அவனே ஒப்புக்கொண்டான்.

ஆடிக் கிருத்திகைக்கு சிடி வந்தது. பச்சையப்பன் கடையில் நின்று கேட்டவர்கள் வாங்கிப் போனார்கள். குரல் பக்குவப்பட்டிருக்கிறது என்றார்கள். ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் சிவப்பிரகாசத்துக்குப் பாராட்டு விழா நடந்தது. அசோக்குமாரும் தேவகியும் போயிருந்தார்கள், நானும் போயிருந்தேன். ஏற்புரையில், இந்தக் குரல் முருகன் தனக்குப் போட்ட பிச்சை என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கீழே அசோக்குமாரைப் பார்த்துவிட்டு, "பட்டன் அமுக்கின தம்பியும் வந்துகீறான். அவனுக்கும் ஒரு கை தட்டுங்க" என்றார். தட்டினார்கள்.

மறுநாள் அசோக்குமார் ஒரு காரியத்தில் இறங்கினான். திருத்தாத மூலக் குரல் முழுவதும் கம்ப்யூட்டரில் இருந்தது. அதில் இருப்பதிலேயே கேவலமான இடங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு சிடி அடித்து, பச்சையப்பன் கடை வாசலில் போடச் சொல்வதென்று திட்டம். காலையிலிருந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். நான் டீ கொண்டுபோனபோது சிரித்துக்கொண்டே ஒரு வரியைப் போட்டுக் காட்டினான். நானும் சிரித்தேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த தேவகி அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க, இவுரு உள்ள தான் இப்படிப் பாடுறாரு. வெளிய வந்து டீ குடிச்சினு முணுமுணுன்னு பாடுவாரு பாருங்க, அது நல்லா தான் இருந்துச்சு."

"உனுக்கு இன்னா தெரியும்."

"எனுக்கு ஒண்ணும் தெரியாது. காது மட்டும் நல்லா கீது" என்று சொல்லிவிட்டு அவள் முறத்தோடு திரும்பிப் போனாள்.

அவன் அதை நம்பவில்லை. ஆனால் அந்த மாதிரி ஆளுக்கு ஒரு வார்த்தை காதில் விழுந்தால் அதைச் சோதிக்காமல் இருக்க முடியாது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் பதிவு ஓடிக்கொண்டே இருந்த இடங்களைத் தேடினான். சிவப்பிரகாசம் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அடுத்த வரியின் சொற்களை நினைவுபடுத்திக்கொள்ள மெதுவாகப் பாடிப் பார்க்கிற இடங்கள். ஏழு கிடைத்தன. ஏழையும் திரையில் போட்டான். கோடு ஏழிலும் படியில் நின்றது. கரடுமுரடாக, வயசான குரலாக இருந்தது. ஆனால் சுருதி விலகவில்லை.

ஏழையும் இன்னொரு முறை போட்டுக் கேட்டான். பிறகு என்னிடம், "சத்தம்பா. அவ்ளோ சத்தத்த காதுல அடச்சினு பாடினா எவனுக்கும் தன் குரல் கேக்காது. சுருதி கீழ தான் போவும். மேடையிலயும் ஸ்பீக்கர் பாக்ஸ காலடியில வச்சினு தான் பாடுவாரு" என்றான்.

"அது அவர் தப்புதானே. அவர்தானே வைக்கச் சொன்னார்?"

"பாடறவன் கேப்பான். கொடுக்கலாமா வேணாமான்னு பாக்க வேண்டியவன் நானு. பதினோரு நாளு. ஒரு தடவ அந்த ஹெட்போன வாங்கி என் காதுல வச்சிப் பாக்கல. அந்தாளு இறங்க இறங்க எனுக்குக் குஷியா இருந்துச்சு."

சிடி அடிக்கவில்லை. சிவப்பிரகாசத்தின் மேல் இருந்த வெறுப்பு குறைந்தது என்று நினைக்க வேண்டாம். சுருதி விலகியதற்கு ஒரு காரணம் கிடைத்தது. பந்தலில் பொய் சொன்னதற்கு எந்த ஹெட்போனும் காரணம் இல்லை. ஆனால் தன் வேலையையும் அவன் அன்றைக்கு அதே இளக்காரக் கண்ணால் பார்த்தான். நானூறு இடத்தை நகர்த்தியதை அவன் அதற்குப் பிறகு பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த வருஷம் சிவப்பிரகாசம் அவனிடம் இன்னொரு சிடிக்கு வந்தார். இந்த முறை அசோக்குமார் சத்தத்தைப் பாதிக்கு மேல் குறைத்தான். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டி, இன்னொரு காதைத் திறந்து வைத்தான்.

"ஒண்ணும் கேக்கலடா" என்றார்.

"கேக்கற வரைக்கும் மெதுவா பாடுங்க."

இரண்டு நாள் முனகினார். மூன்றாவது நாள் குரல் தானாக வந்து நின்றது. அறுபதை நெருங்குகிற ஓர் ஆளின் குரல். மேலே போகும்போது லேசாகப் பிசிறு தட்டியது. ஆனால் பாட்டு பாட்டாக இருந்தது. எட்டுப் பாட்டுக்கும் சேர்த்து அசோக்குமார் தொட்டது ஒன்பது இடம். அவன் வேலையிலேயே மிகக் குறைவு அதுதான். என்னையும் தேவகியையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னான். எங்கள் இருவருக்கும் பிடித்திருந்தது.

சிவப்பிரகாசத்தை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினான். முதல் பாட்டு முடிவதற்குள் அவர் முகம் மாறிவிட்டது.

"யார் குரலு இது?"

"உங்க குரல் தாங்க. நான் ஒண்ணும் பண்ணல. நிஜமாவே நல்லா பாடிகீறீங்க."

"எனுக்கு வயசான மாதிரி கீது. போன தடவ போட்டியே அந்த மருந்து, அத்த இதுலயும் போடு."

அசோக்குமார் அன்றைக்கு ஒரு முட்டாள்தனம் செய்தான். மனிதனுக்கு வெட்கம் என்று ஒன்று இருக்கும் என்று நம்பினான். போன வருஷத்து சிடியின் மூலக் குரலை எடுத்துப் போட்டான். அதன் பக்கத்தில் திருத்தியதைப் போட்டான். திரையில் நானூறு இடத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டினான். ஏன் அப்படி ஆயிற்று, அதில் தன் தவறு எவ்வளவு என்பதையும் மறைக்காமல் சொன்னான். இந்தத் தடவை ஒன்பது இடம்தான் என்றான்.

சிவப்பிரகாசம் பொறுமையாகக் கேட்டார். பிளாஸ்கைத் திறந்து ஒரு வாய் வெந்நீர் குடித்தார்.

"ஆங். அப்போ அந்த நானூறயே போடு" என்றார்.

அசோக்குமார் முடியாது என்றான். இருந்த பதிவை ஒரு சிடியில் எழுதி அவர் கையில் கொடுத்து, வேறு யாரிடமாவது போகச் சொன்னான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் என்னைப் பார்த்து, "இவனுக்கு மண்டக்கனம் ஏறிடுச்சுப்பா. தொழில் நாசமா போவும்" என்றார்.

அவர் சென்னைக்குப் போனார். பொத்தானை முழுக்கத் திருகி வாங்கி வந்தார். இரண்டாயிரத்து ஏழு கடைசியில் அந்த சிடி வந்தது. அதற்குள் சினிமாப் பாட்டிலேயே அந்த வண்டுக் குரல் ஒரு மோஸ்தராகியிருந்தது. பிளேயர் ரிப்பேரா என்று இந்த முறை யாரும் கேட்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கிய கூட்டம் நின்று கேட்டு வாங்கிக்கொண்டு போனது. பச்சையப்பன் இரண்டாவது தடவையும் தருவித்தான். ஒரு மனிதன் தன் சொந்தக் குரலில் சரியாகப் பாடியதைத் தூக்கி எறிந்துவிட்டு டப்பாக் குரலை வாங்கிக்கொண்டான். ஊரும் அதுதான் வேண்டும் என்றது. இந்த ஊரில் இருப்பவன்தான் நானும். எனக்கு அதில் பங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்த சிடி என் கடையிலும் இரண்டு மாதம் ஓடியது, வாடிக்கையாளர் கேட்டார்கள் என்று.

அசோக்குமாரிடம் ஆட்கள் குறைந்தார்கள். பதிவுக்கு முதல் நாள் அவன் எதையும் பதியாமல், வெறுமனே பாடச் சொல்லிக் கேட்பான். பல பேருக்கு அது அவமானமாக இருந்தது, எழுந்து போய்விட்டார்கள். கம்ப்யூட்டர் ரிப்பேரில்தான் வீடு ஓடியது.

இரண்டாயிரத்து ஒன்பதில் தாயாரம்மாள் என்று ஒரு டீச்சர் வந்தார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. நான்கே பாட்டு. நான்கு நாளில் பாடி முடித்தார். திருத்தி முடித்ததும் வந்து கேட்டுவிட்டு, "எத்தினி எடம் தொட்டீங்க?" என்றார். இப்படி ஒரு கேள்வியை அவனிடம் பாடகர் யாரும் கேட்டதில்லை.

"ஆறுங்கம்மா."

"காட்டுங்க."

காட்டினான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். ஐந்துக்குத் தலையாட்டினார். நான்காவது பாட்டில் ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"இத்த விட்டுடுங்க. நான் பாடின மாதிரியே இருக்கட்டும்."

"அது சுருதி விலகுதுங்கம்மா."

"விலகுது. தெரியும். அந்த வார்த்தைய எனுக்கு அப்படித் தான் சொல்ல வருது."

அவன் அந்தத் திருத்தத்தை எடுத்துவிட்டு, பாட்டைத் திரும்ப ஓடவிட்டான். டீச்சர், அவன், நான் மூன்று பேரும் கேட்டோம். விலகித்தான் இருந்தது. சிடி அதிகம் விற்கவில்லை. மிச்சம் டீச்சர் வீட்டு பீரோவில் இருக்கிறது.